எழும்பாத இடக்கை

உடம்பிலேயே தாராளமாகச் சுழலும் மூட்டு தோள்தான் என்று மருத்துவக் கல்லூரியில் காலமெல்லாம் பாடம் எடுத்த சேஷனுக்கு, அந்தத் தோளே இறுகிப்போயிருந்தது.

வலியசாலை வீட்டில், முன்னோரைப் பேர் சொல்லி அழைக்கும் அமாவாசைத் தர்ப்பணம். பூணூலை வலத்தோளுக்கு மாற்றச் சொன்னார் சாஸ்திரிகள். கழுத்தில் மாலையாக நின்ற பூணூலுக்குள் நுழைய இடக்கை எழும்பவில்லை.

"சுப்ராஸ்பைனேட்டஸ் தொடங்கணும், அப்புறம் டெல்டாய்டு தூக்கணும்…" என்று வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொண்ட மாணவனைப்போலத் தோள் தசைகளின் பேரை முணுமுணுத்தார் சேஷன்.

"கிளாஸ் எடுத்தது போறும்" என்று மனைவி பாகீரதி கையைப் பிடித்து நுழைத்துவிட்டாள்.

சேஷன் அசடு வழிந்தார். "கேட்டேளா சாஸ்திரிகளே, மேலோகத்துல இருக்கறவா பேரைச் சொன்னா வந்துடறா. எங்கூடவே இருக்கற தசை, பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பிப் பாக்கமாட்டேங்கறது!"