முடிச்சுப் போட்ட சீசாக்கள்

தெருவில் அந்தக் கிழவருக்குச் சோதனைச்சாவடி என்று பெயர். கடைக்காரர் தராசைத் தூக்கினால் குனிந்து முள்ளைப் பார்ப்பார். தபால்காரர் கடிதத்தை நீட்டினால் உறையைத் திருப்பி ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். முப்பத்தைந்து வருடம் வெல்டர் வேலை. படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டு நின்றதுதான்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குள்ளேயே கோளாறு வந்து உட்கார்ந்தது.

மகள் பின்னறையில் மருத்துவமனையின் வெள்ளைக் கோட்டுகளைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்கிறாள். குடும்பம் ஓடுவதே அதில்தான். திங்கட்கிழமை தலைமை நர்ஸ் இருபது கோட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். காலரிலும் பையிலும் மஞ்சள் மஞ்சளாகத் திட்டு. வெள்ளிக்கிழமை காலைக்குள் வெளுத்து வரவில்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியும் அனுப்பியிருந்தார்.

மகள் பிளீச்சிங் பவுடர் போட்டு ஊற வைத்தாள். திட்டு போகவில்லை, செங்கல் நிறத்துக்கு ஏறிவிட்டது.

"என்னப்பா இது, மருந்து குடுத்தா நோய் கூடுது!"

"சோப்புக்காரன் கலப்படம் பண்றான்" என்றார் கிழவர்.

சோப்பை மாற்றினாள். அதே திட்டு.

"அப்போ தண்ணி விடறவங்கதான். சாக்கடையை நம்ம பக்கம் திருப்பி விட்டுட்டாங்க."

"ஊர்ல எல்லாரும் களவாணி, நீங்க மட்டும் உத்தமர். நல்லா இருக்குப்பா. கோட்டு வெளுக்குமா வெளுக்காதா, அதைச் சொல்லுங்க!"

சுருக்கென்று தைத்தது. கிழவர் ஐந்து காலி சீசாக்களைக் கழுவிக் காய வைத்தார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும், யாரும் குழாயைத் தொடுவதற்கு முன்னால், ஒவ்வொரு இடத்திலும் ஒரு சீசா தண்ணீர் பிடித்தார். எழுத்து அவருக்கு வராது. அதனால் சீசாக் கழுத்தில் கயிறு கட்டி முடிச்சுப் போட்டார். ஒரு முடிச்சு மீட்டர் குழாய், இரண்டு மாடித் தொட்டி, மூன்று சமையலறை, நான்கு குளியலறை, ஐந்து பின்னறை. ஒரு வெள்ளைத் துணியைப் பின்னால் விரித்து ஜன்னலோரம் வரிசையாக வைத்தார்.

நான்கு சீசாக்கள் பளிங்கு மாதிரி இருந்தன. ஐந்தாவதில் கடுந்தேநீர்.

கண்ணையும் நம்பாதவர் அவர். பின்னறைக் குழாயைப் பத்து நிமிடம் திறந்துவிட்டு ஆறு முடிச்சுச் சீசாவில் பிடித்தார். சுத்தமாக இருந்தது. ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் கெட்டுப்போகிறது. மகளோ விடியற்காலையில் அந்த முதல் தண்ணீரைத்தான் துணித்தொட்டியில் பிடிக்கிறாள். அரை இருட்டு, நீல நிறத் தொட்டி, நுரை வேறு. தண்ணீரின் நிறம் யார் கண்ணில் படும்?

"அந்தப் பக்கம் குழாய் போட்டது யாருப்பா?" என்றாள் மகள்.

கிழவர் பின்னறைச் சுவரைப் பார்த்தார். எட்டு வருடத்துக்கு முன்னால் பிளம்பர் செம்புக் குழாயைச் சுவர் வரை இழுத்திருந்தான். கடைசி இரண்டடிக்கு, பட்டறையில் கிடந்த இரும்புத் துண்டை இவர் கொண்டுவந்து நீட்டினார். "வேண்டாம் பெரியவரே, செம்போட சேர்ந்தா இரும்பு அரிச்சுப் போயிடும்" என்றான் அவன். செம்பு விற்கத் திட்டம் போடுகிறான் என்று சந்தேகப்பட்டு அவனுக்கு வாசலைக் காட்டிவிட்டு, இவரே மாட்டி முடித்தார்.

இப்போதும் அறுத்து மாற்ற அவரால் முடியும். ஆனால் இந்த முறை தன் கையையே அவர் நம்பவில்லை. ஆள் அனுப்பினார்.

புதன்கிழமை அதே பிளம்பர் வந்து வாசலிலேயே நின்றான். "உள்ள வரலாமா? போன தடவை வெளிய போற வழியைத்தான் நல்லாக் காட்டினீங்க."

"வந்து தொலைடா."

இரும்புத் துண்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். உள்ளே செக்கச்செவேலென்று துரு கட்டிகட்டியாய் அடைத்திருந்தது. சுண்டுவிரல் நுழைய இடமில்லை.

கிழவர் அதை வாங்கி மகள் கையில் வைத்தார். "சோப்புக்காரனும் இல்ல, தண்ணி விடறவங்களும் இல்ல. உன் கோட்டைக் கெடுத்தவன் நான்தான்மா."

மகள் துண்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "முப்பத்தஞ்சு வருஷ வெல்டர்!"

பிளம்பர் பிளாஸ்டிக் குழாய் போட்டான். ஒவ்வொரு திருகுக்கும் கிழவரின் தலை குறுக்கே வந்தது. "பெரியவரே, மூக்கையும் சேர்த்து முடுக்கிடுவேன்" என்றான்.

துருவோடு மல்லுக்கட்டிய அனுபவம் பட்டறையில் நிறைய உண்டு. துருவை எலுமிச்சை தின்னும் என்று கிழவருக்குத் தெரியும். பிளீச்சிங் வாடை கொஞ்சமும் இல்லாமல் போகும்வரை கோட்டுகளை முதலில் அலசச் சொன்னார், ஏனென்றால் புளிப்பும் அதுவும் கலந்தால் மூச்சை அடைக்கும். பிறகு திட்டுத் திட்டாகச் சாறு தேய்த்து வெயிலில் போட்டார்கள்.

வியாழன் விடியற்காலை ஏழு முடிச்சுச் சீசாவை ஜன்னலில் வைத்தார். பளிங்கு! அந்தக் குழாய்த் தண்ணீரிலேயே இருபது கோட்டுகளும் அலசப்பட்டன.

வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் தலைமை நர்ஸ் ஒவ்வொரு காலரையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கிழவருக்கே பொறாமையாக இருந்தது, தன்னைவிடக் கறாரான சோதனைச்சாவடி! இருபதும் தேறின.

"என்ன சோப்பு மாத்தினீங்க?"

"சோப்பு இல்லம்மா, எங்கப்பாவை மாத்தினேன்" என்றாள் மகள்.

நர்ஸ் சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து இன்னும் முப்பது கோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார்.

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிழவர் நெஞ்சை நிமிர்த்தித் தெருவில் நடந்தார். கடைக்காரர் தராசோடு எட்டிப் பார்த்தார். "என்ன பெரியவரே, முகமெல்லாம் பல்லு?"

"திருடனைப் பிடிச்சாச்சுய்யா!"

"யாரு அவன்?"

"நான்தான்!" என்று தெருவே கேட்கச் சொன்னார் கிழவர்.