கேட்டல் பகுதி

முப்பத்து நான்கு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர், கல்யாணமாகி ஒரு பிள்ளைக்குத் தாய். ஆனாலும் கூடவே இருக்கும் அம்மா வாய் நிறையப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். அதைக் கேட்டுக் கேட்டு, இப்போதுதான் பேசக் கற்றிருந்த மகனும் அவளைப் பாப்பா என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவளை ஆராய்ச்சிப் படிப்புக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஆங்கிலத் தேர்வில் வாசித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல் என நான்கு பகுதியிலும் ஏழுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லூரியில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்துகிறாள். இது என்ன பிரமாதம் என்றுதான் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள்.

செல்போன் பழுது பார்க்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த வகுப்பு. நடத்துபவரை எல்லோரும் பேண்ட் சார் என்பார்கள். அவருக்கும் மேளதாளத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மதிப்பெண்ணுக்கு அந்தத் தேர்வில் பேண்ட் என்று பெயர். அவர் வாயைத் திறந்தாலே பேண்ட் ஏழு, பேண்ட் எட்டு என்றுதான் வரும்.

வாசித்தலில் அவள் வகுப்பிலேயே முதல். இடித்தது கேட்டல் பகுதிதான். கரும்பலகைக்கு மேலே மாட்டியிருந்த ஒலிபெருக்கியில் யாரோ ஒரு பெண் வாடகை வீடு விசாரிப்பாள், தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லுவாள். பிறகு ஒரு பேராசிரியர் தேனீக்களைப் பற்றிப் பேசுவார். ஒரு முறைதான் ஒலிக்கும், கேட்டுக்கொண்டே விடை எழுத வேண்டும். அவளுக்கு ஒரு வாக்கியம் வரும், அடுத்தது நழுவும். மீசை அரும்பாத பையன்கள் எட்டு வாங்கிக்கொண்டிருக்க, அவள் ஐந்தைத் தாண்டவில்லை.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குக் கவனம் போதல. வீட்டு ஞாபகத்தையெல்லாம் செருப்போட சேத்து வாசல்லயே விட்டுட்டு வாங்க" என்றார் பேண்ட் சார், எல்லோர் முன்னாலும்.

பேசும் பயிற்சியிலும் குறைதான். "உங்க இங்கிலீஷ் பிரமாதம். ஆனா குரல் தொண்டையைத் தாண்டி வர மாட்டேங்குதே. யாரைப் பாத்துப் பயப்படறீங்க?"

அவள் யாரைப் பார்த்தும் பயப்படவில்லை. தான் சத்தமாகத்தான் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டிலும் இதே பாட்டுதான். கணவன் நில அளவையாளன். நாளெல்லாம் வெயிலில் அளந்துவிட்டு வருவான். சாப்பிடும்போது ஏதாவது சொல்ல ஆரம்பிப்பான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் எடுத்து வைப்பாள், பதில் இருக்காது. "சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு" என்று எழுந்துபோவான். பிள்ளை பிறந்த பிறகு இது அதிகமாகி, கடைசியில் அவன் சண்டை போடுவதையும் விட்டுவிட்டான். அவசியமானதை மட்டும் சொன்னான். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி நல்லதுக்கில்லை என்று அவளுக்குத் தெரிந்தது, காரணம்தான் தெரியவில்லை. படிப்பு, வேலை, பிள்ளை என்று தன் மனம்தான் சிதறிக் கிடக்கிறது என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஒரு நாள் வகுப்பில் மின்சாரம் போயிற்று. மாடிப்படிக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் காது கிழிய ஓடத் தொடங்கியது. பேண்ட் சார் ஒலிபெருக்கியின் சத்தத்தை முழுதாகத் திருகிவைத்துப் பயிற்சியை நடத்தினார். மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவளுக்கு வார்த்தைக்கு வார்த்தை புரிந்தது. திருத்திப் பார்த்தால் எட்டு.

"பாத்தீங்களா, மனசு வெச்சா முடியுது!" என்றார் சார்.

அடுத்த வகுப்பில் மின்சாரம் இருந்தது, அறை அமைதியாக இருந்தது. மறுபடியும் ஐந்து.

சார் உதட்டைப் பிதுக்கினார். அவளோ விடைத்தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் சோதனைக்கூடத்தில் வளர்ந்தவள். ஒரு சோதனையில் எல்லாம் அப்படியே இருந்து ஒன்று மட்டும் மாறினால், விளைவுக்குக் காரணம் அந்த ஒன்றுதான். ஆள் அதே ஆள், ஆங்கிலம் அதே ஆங்கிலம். மாறியது சத்தம் மட்டும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனைப் போட்டு ஒலியை ஏற்றிக் கேட்டாள். தெளிவாக இருந்தது. கொஞ்சம் குறைத்தாள். பேசுகிறவர்கள் பக்கத்து அறைக்குப் போய்விட்டார்கள். கணவனைக் கூப்பிட்டு அவன் காதில் வைத்தாள்.

"கேக்குதா?"

"நல்லாத்தானே கேக்குது. ஏன்?"

அவள் அதைத் திரும்ப வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

காது மருத்துவர் ஒரு பெண்மணி. பரிசோதனைகளை முடித்துவிட்டு, படம் வரைந்து காட்டினார். காதுக்குள்ளே அரிசிக் குருணை அளவில் ஒரு எலும்பு. ஒலி வரும்போது அது அசைய வேண்டும். அவளுக்கு இரண்டு பக்கமும் அது இறுகிக்கொண்டு வருகிறது.

"சத்தமான இடத்துல மத்தவங்க பேசறது நல்லா கேக்குமே?"

"ஆமாம் டாக்டர்."

"உங்க குரல் உங்களுக்குள்ளயே பெருசா கேக்கும். அதான் இவ்வளவு மெதுவா பேசறீங்க. பிரசவத்துக்கப்புறம் அதிகமாயிருக்கும். ஆபரேஷன் இருக்கு, கருவியும் இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல." அவர் பேனாவை மூடினார். "இது பெரும்பாலும் குடும்பத்துல வரும். யாருக்காவது இளவயசுலயே காது மந்தமாச்சா?"

"இல்ல" என்றாள் அவள் உடனே. அம்மாவுக்குக் கொஞ்சம் மந்தம்தான். ஆனால் அது வயதான பிறகு வந்தது. அப்படித்தான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் கணவன் நாற்காலியை இழுத்து அவள் முகத்துக்கு நேராகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"அப்ப நான் இத்தனை நாளா சொன்னதெல்லாம்?"

"என்ன சொன்னீங்க?"

அவன் யோசித்தான். "ஞாபகம் இல்ல. பெருசா ஒண்ணுமில்ல. அன்னைக்கு அளக்கப்போன இடத்துல ஒருத்தர் தன் நிலத்தையே அடையாளம் தெரியாம நின்னாரு... அந்த மாதிரி. சின்னச் சின்ன விஷயம்தான்."

அந்தச் சின்னச் சின்ன விஷயங்கள்தான் அவளை அழவைத்தன.

மறுநாள் மத்தியானம் பிள்ளை தூங்கிய பிறகு, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் எதிரில் போய் உட்கார்ந்தாள். ஊரில் அம்மாவுக்கு நல்ல பெயர் கிடையாது. நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள், பேசினாலும் முணுமுணுப்பாள், ஏக திமிர் என்று அப்பா வழிச் சொந்தத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியிருக்கிறார்கள். இளையவளான பாப்பாவுக்கும் அண்ணனுக்கும் அம்மா போட்ட ஒரே சட்டம், எதுவானாலும் எதிரில் வந்து முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது.

அந்தச் சட்டத்துக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

"அம்மா, எனக்குக் காது சரியில்லம்மா. டாக்டர் சொல்லிட்டாங்க. உனக்கு எப்போலேர்ந்து?"

அம்மா மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள். "வயசானா எல்லாருக்கும்தான்..."

"அம்மா."

அம்மா அவள் உதடுகளைப் பார்த்தாள். பிறகு துணியைக் கீழே வைத்தாள்.

"நீ பொறந்த பிறகு. உன் அண்ணன் பொறந்தப்பவே லேசா இருந்துச்சு. நீ பொறந்ததும் ஒரேயடியா குறைஞ்சுபோச்சு."

"யார்கிட்டயும் சொல்லவே இல்லையா? அப்பாகிட்ட?"

"சொல்லி? செவிடுன்னு பேர் வாங்கவா? உங்க அப்பா வீட்டுல திமிர் புடிச்சவள்னாங்க. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். திமிருன்னா நாலு பேர் பயப்படுவாங்க. செவிடுன்னா சிரிப்பாங்க."

"வேலைக்குப் போனியே, அங்க?"

அம்மாவின் முகம் சற்றுத் தெளிந்தது. "மில்லுல மெஷின் சத்தத்துல எல்லாரும் கத்தித்தான் பேசணும். அங்க எனக்குக் கேக்கும். நான்தான் எல்லாருக்கும் சேதி சொல்லுவேன். அங்க மட்டும் நான் மத்தவங்களைப் போல இருந்தேன். அதான் உடம்பு முடியாமப் போனாலும் லீவே போடமாட்டேன்."

பாப்பாவுக்கு, சிறுவயதில் இருட்டில் விழித்துக்கொண்டு, பயத்தில் அம்மா அம்மா என்று கூப்பிட்டதும், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அம்மா அசையாமல் இருந்ததும் நினைவுக்கு வந்தன. அம்மாவுக்குத் தன்மேல் பிரியமில்லை என்று அப்போது முடிவு கட்டியிருந்தாள். வளர்ந்த பிறகும் அதை முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: "ராத்திரியில நீ என்னைக் கூப்பிடுவியா, பாப்பா? ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்."

"இல்லம்மா" என்றாள் அவள், ஒவ்வொரு எழுத்தும் உதட்டில் தெரியும்படி. "நான் படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேன்."

அம்மா தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

அடுத்து வந்தது தேர்வு விவகாரம். மருத்துவச் சான்று கொடுத்தால் தனி அறையும் ஒலியைக் கூட்டிக்கொள்ளும் வசதியும் தருவார்கள் என்று பேண்ட் சார் விசாரித்துச் சொன்னார். வகுப்பில் அத்தனை பேர் முன் சொன்னதற்கு, அத்தனை பேர் முன்னாலேயே மன்னிப்பும் கேட்டார். ஆனால் அம்மா ஒரேயடியாக மறுத்தாள்.

"வேண்டாம். வெளிய தெரிஞ்சா அந்தக் காலேஜுல எடுப்பாங்களா? கஷ்டப்பட்டு எப்படியாவது எழுதிட்டுப் போயிடு. பேசறவங்க வாயைப் பாத்துப் பழகிக்க. நான் சொல்லித் தரேன்."

"இதுல பேசறவங்க வாய் தெரியாதும்மா. வெறும் குரல்தான்."

வாயே தெரியாத குரலை வைத்து ஒரு தேர்வு நடக்கும் என்பது அம்மாவுக்கு நம்ப முடியாததாக இருந்தது. "அது அக்கிரமம்" என்றாள்.

பாப்பா சான்று வாங்கி அனுப்பினாள். அண்ணனிடமும் போனில் சொல்லிவிட்டாள்; அவன் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்வது நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அண்ணன் அன்றே அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு அழுதிருக்கிறான். அம்மா சமையலறைக்கு வந்து நின்றாள்.

"நான் ஆயுசு பூரா கட்டிக் காத்ததை ஒரே போன்ல கொட்டிட்ட."

அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தேர்வு நாள் வரை அவள் வாயிலிருந்து பாப்பா என்ற சொல் வரவில்லை. பிள்ளை மட்டும்தான் வீட்டில் அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

தேர்வு மையத்தில் ஒரு சிறிய அறை. ஒரு மேசை, ஒரு கண்காணிப்பாளர், சுவரில் கடிகாரம். ஹெட்போனைப் போட்டு ஒலியைத் தன் காதுக்கு ஏற்ற அளவில் வைத்தாள். ஒரு ஆள் நூலகத்துக்கு வழி கேட்டான். இன்னொருவர் ஆற்று வண்டலைப் பற்றிப் பேசினார். எதுவும் நழுவவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே, இந்தச் சுகம் அம்மாவுக்கு மில்லில் மட்டும்தானே கிடைத்தது என்று தோன்றியது. உடனே அந்த நினைப்பை ஒதுக்கினாள். ஒலி யாருக்காகவும் காத்திருக்காது.

முடிவு வந்தபோது கேட்டலில் ஏழரை. எழுதுதலில்தான் கோட்டை விட்டிருந்தாள், ஆறரை. நடுக்கத்தில் கட்டுரையை முடிக்காமலே கொடுத்துவிட்டிருந்தாள். கணவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "கையையும் டாக்டர்கிட்ட காட்டிடலாமா?" நெடுநாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் திரும்ப எழுதினாள். அந்த முறை நான்கும் தேறின. தன் காதைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்குத் தானே எழுதினாள். வகுப்பறையில் என்ன வசதி வேண்டும் என்று கேட்டுப் பதில் வந்தது. அறுவை சிகிச்சையை முதல் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார்.

முதலில் அவள் மட்டும் போவது, கணவனும் பிள்ளையும் பிறகு வருவது என்று முடிவாயிற்று. பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அங்க போய் போன்லதானே பேசுவ?"

"வீடியோல பேசறேன்மா. என் முகம் தெரியும்."

"நின்னு நின்னு வருது அது. வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்." அம்மா பெட்டியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "அந்த டாக்டரம்மா நான் வந்தா பாப்பாங்களா?"

மருத்துவமனையில், கண்ணாடி வைத்த சிறிய அறைக்குள் அம்மாவை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினார்கள். ஒலி கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பாப்பாவும் கணவனும் வெளியே நின்று பார்த்தார்கள். தொழில்நுட்பர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார். அம்மா தேர்வெழுத வந்தவளைப் போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். கை மடியிலேயே இருந்தது. கணவன் பாப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அப்புறம் அம்மாவின் கை மெல்ல எழுந்தது. எழுந்த கையை இறக்காமலே, அவள் கண்ணாடிக்கு வெளியே திரும்பி மகளைத் தேடினாள்.