படிக்கட்டில் நின்றுபோன இளவரசி

வீணை ஆரம்பித்ததும் இளவரசி குளத்துக்குள் இறங்கத் தொடங்கிவிட்டாள். நான் தறியில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புடவையின் கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கலியாணசுந்தரம் மாமா ரேடியோ வாங்கியதிலிருந்து காலைக் கச்சேரி எங்கள் தெருவுக்கே பொது. எனக்கு ராகத்தின் பெயர் ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் தலையாட்டிக் கேட்பார்கள். எனக்கோ கண்முன்னால் ஆட்கள் நடமாடுவார்கள்.

வாரப் பத்திரிகையில் படித்த மாயாஜாலத் தொடர்கதைதான் வினை. குளத்துக்கு அடியில் ஓர் அரண்மனை. அங்கே தூங்கும் தன் குழந்தையை மீட்டுவர அகல்விளக்கோடு புறப்படுகிறாள் இளவரசி. அவள் முதல் படியில் கால் வைத்ததும் ‘தொடரும்’ போட்டுவிட்டான் பாவி. மிச்சத்தை எனக்கு வீணைதான் காட்டியது. மெல்லிய கம்பி அதிர்ந்தால் விளக்கின் சுடர் நடுங்கும். தடித்த கம்பி பேசினால் தூணிலிருந்து பாம்பு ஒன்று இறங்கும். வீணை ஓய்வதற்குள் அவள் மேலே வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் மூடிக்கொள்ளும். இது நானாக வைத்த விதி. வைத்த பிறகு அது என் பேச்சைக் கேட்கவில்லை.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. ஆகையால் அடியில் தூங்குகிற குழந்தை யாருடையது என்று எனக்கு நன்றாகத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்காமல் போய்விட்டால்தான் இன்னும் பயம்.

அன்று அவள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். பாதிப் படி ஏறியிருப்பாள், ரேடியோ பட்டென்று நின்றது. கரண்ட் போய்விட்டதென்று மாமா வாசலில் நின்று சத்தம் போட்டார். அகல் அணைந்தது. நாலு பக்கமும் தண்ணீர் சரிந்து வந்தது. வயிற்றில் கை வைத்தேன். விடிந்ததிலிருந்து உதைத்துக்கொண்டிருந்த குழந்தை இப்போது அசையவில்லை. இன்னொரு கை தன்பாட்டுக்கு நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தது.

“இன்னாமா, கோர்வ போடாமயே தள்ளிகினு இருக்கிற?” என்றார் என் வீட்டுக்காரர்.

அப்போதுதான் பார்த்தேன். புடவையின் உடலையும் கரையையும் இழைக்கு இழை கோத்துப் பிணைக்க வேண்டும், அதுதான் கோர்வை. நான் பிணைக்காமல் விட்ட இடத்தில் விரல் நுழைகிற அளவு பிளந்து கிடந்தது. சின்னப் பிசகுக்கே என் பிறந்த வீட்டை வம்புக்கு இழுக்கிற மனிதர், அன்று நேராக இழையைப் பிரிக்கக் கை வைத்தார்.

“பிரிக்காதீங்க,” என்றேன். “அந்த வழியாத்தான் அவ மேல வரணும்.”

யார் என்று கேட்டார். குளம், பாம்பு, விளக்கு, வீணை ஓயக்கூடாது என்ற விதி எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொல்லித் தீர்த்தேன். பைத்தியம் என்பார் என்று நினைத்தேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார்.

“கொயந்த?”

“அசையல.”

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர் அவர்தான் என்பதை அதுவரை நான் யோசித்ததில்லை. இழையை விட்டுவிட்டு, அந்த வீணையில் பாட்டு எப்படிப் போனது என்று கேட்டார். எனக்கு எங்கே தெரியும்?

அவரே பாட ஆரம்பித்தார். பஜனையில்கூட அவரை யாரும் வாய் திறக்க விடமாட்டார்கள். வீணைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சுருதி கண்டபடி போனது. மூச்சு வாங்க ஒருமுறை நின்றபோது அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“நிறுத்தாதீங்க.”

நிறுத்தவில்லை. கண்ணை மூடினேன். இருட்டு, தண்ணீர். பிறகு வெகு ஆழத்தில் ஒரு துளி வெளிச்சம். ஏறுகிறதா, அங்கேயே நிற்கிறதா என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தேன். புடவையில் பிளந்திருந்த இடம் மூடிக்கொள்ளாதபடி அதற்குள் விரலை விட்டுப் பிடித்துக்கொண்டு, அவர் பாடிக்கொண்டிருந்தார்.