செடியில்லாத வாளிகள்

லிஃப்ட்காரருக்குக் கம்பெனியில் ஓய்வு கொடுத்தார்கள். அவர் கைகளுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. உயரக் கட்டடங்களின் இருட்டு லிஃப்ட் குழிகளில் கம்பிவடத்தையும் கிரீஸையும் கட்டிப்பிடித்து வாழ்ந்த மனிதர், வீட்டில் உட்கார்ந்ததும் கெட்டுப்போகாத பொருளாகத் தேடித் தேடிப் பழுது பார்க்கத் தொடங்கினார். நன்றாக மூடிக்கொண்டிருந்த கதவு முனக ஆரம்பித்தது. ஒழுங்காகத் தைத்துக்கொண்டிருந்த மெஷின் நூலை அறுக்க ஆரம்பித்தது.

மெஷின் அவர் மனைவியுடையது. தெருவில் அவளுக்குத் தையலம்மா என்று பெயர். முன்னறையில் வெட்டுமேசை போட்டு, பேண்ட்டைச் சுருக்கவும் சட்டையைப் பிரிக்கவும் வருகிறவர்களை வைத்துத்தான் அவள் பொழுது போனது. மெஷினில் கை வைத்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். மொட்டை மாடி காலியாத்தானே கிடக்கு, அங்க போய் எதையாவது நோண்டுங்க."

அப்படி அவரை மேலே அனுப்பியது அவள்தான். இதைப் பிற்பாடு அவள் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

மேலே போனவர் மண்ணில்லாமல் காய்கறி வளர்க்கக் கற்றுக்கொண்டு இறங்கினார். பெயிண்ட் காலியான பெரிய வாளிகளை வாங்கிக் கழுவி, உயரமான பெஞ்சுகளில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் சுட்ட களிமண் உருண்டைகளைக் கொட்டி, நடுவில் ஒரு நாற்றை நட்டார். மூலையில் ஒரு நீல டிரம். அதில் சத்து மருந்து கலந்த தண்ணீர். சின்ன மோட்டார் ஒன்று அதை மெல்லிய கறுப்புக் குழாய்களில் ஏற்றி ஒவ்வொரு வாளிக்கும் சொட்டவிடும். வேர் குடித்தது போக மிச்சம், வாளிகளின் அடியில் ஓடும் ஒரு குழாய் வழியாக டிரம்முக்கே திரும்பி வரும். ஒரு சொட்டு வீணாகாது என்பது அவர் பெருமை. தக்காளியும் வெள்ளரியும் கத்தரியும் காய்த்த காய்ப்பைப் பார்த்துத் தெருவே வாயைப் பிளந்தது. லிஃப்ட்காரர் என்ற பெயர் போய் வாளிக்காரர் என்றார்கள். அவர் அதற்கும் சந்தோஷப்பட்டார்.

அந்தத் திரும்பி வரும் குழாய் முதலில் தளத்தின் மேலேதான் கிடந்தது. மகள் வயிற்றில் பிள்ளையோடு ஒருநாள் பார்க்க வந்தவள், அதில் கால் தடுக்கி முழங்கால் தரையில் பட விழுந்தாள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்பனுக்கு உயிரே போய்விட்டது. மறுநாளே உளியும் சுத்தியலும் எடுத்து, மாடித் தளத்தை நீளமாக வெட்டிப் பள்ளம் பறித்து, குழாயை உள்ளே படுக்கவைத்து, மேலே சிமெண்ட் பூசி மூடிவிட்டார்.

"இனிமே எம்பொண்ணு கண்ணை மூடிக்கிட்டு நடக்கலாம்" என்றார்.

டிரம்மில் தண்ணீர் குறைந்தால் தானாக நிரம்ப, கழிவறைத் தொட்டியில் இருப்பது மாதிரி ஒரு பந்து மிதவையும் மாட்டினார். தண்ணீர் இறங்கினால் பந்து இறங்கும், வால்வு திறக்கும், மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் வந்துவிடும். டிரம் எப்போது பார்த்தாலும் தளும்பி நிற்கும். பேனா மாதிரி ஒரு மீட்டரை அதில் முக்கி, சத்து எவ்வளவு இருக்கிறது என்று காலையும் மாலையும் பார்ப்பார். கொஞ்ச நாளாக அது இறங்கிக்கொண்டே போனது. அவர் முகம் மலர்ந்துபோனது.

"பார்த்தியா, என்னமா சாப்பிடுதுங்க! காலையில ஊத்துறேன், சாயங்காலம் காலி. யானைப் பசி!"

"உங்க வளர்ப்பாச்சே, பசிக்காம இருக்குமா?" என்று தையலம்மா கிண்டல் செய்தாள்.

அவர் இன்னும் ஊற்றினார். அது இன்னும் இறங்கியது.

இதெல்லாம் நடக்கும்போது தையலம்மாவின் மனம் வேறோர் இடத்தில் கிடந்தது. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மருமகனுக்குக் கப்பலில் வேலை. போனால் திரும்ப மாதக்கணக்காகும். அவன் வரும்வரை மகள் எங்கே இருப்பாள் என்பதுதான் பேச்சு. மகளின் நாத்தனார் வீடு புதிது, பெரிது, காற்றோட்டமானது. அவள் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தையலம்மாவுக்கோ பேத்தியைத் தன் மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று வெறி. வெறி என்றே சொல்லலாம், அதற்குக் குறைந்த வார்த்தை பொருந்தாது. பின்னறையைக் காலி செய்து, கட்டிலைத் துடைத்து, பக்கத்தில் தொட்டில் போட இடம் பார்த்துவைத்தாள்.

அப்போதுதான் கூரையைக் கவனித்தாள். கட்டிலுக்கு நேர் மேலே வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பஞ்சு மாதிரி, பூனைக்குட்டியின் முடி மாதிரி. ஸ்டூல் போட்டு ஏறித் துடைப்பத்தால் தட்டினாள். பொலபொலவென்று உதிர்ந்தது. உதட்டில் விழுந்ததை நாக்கு தொட்டுவிட்டது. உப்பு. உப்போடு ஒரு கசப்பு. துப்பினாள்.

இரண்டு நாளில் மறுபடி பூத்தது. இந்தமுறை கொஞ்சம் அகலமாக.

கணவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். உளியை எடுத்துக்கொண்டு வந்து கூரையைக் கொத்துவார். அறை மாசக்கணக்கில் சுடுகாடாகக் கிடக்கும். மகள் நாத்தனார் வீட்டுக்குப் போய்விடுவாள். மகளுக்கு மூக்கும் கண்ணும் ரொம்பக் கூர்மை. சுவரில் ஈரம் என்று தெரிந்தாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாள்.

தையலம்மா ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கினாள். கணவர் செடிகளுக்குச் சத்து மருந்து வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் வெட்டுமேசையை இழுத்துப் போட்டு ஏறி நின்று, பூத்ததையெல்லாம் சுரண்டித் தள்ளிவிட்டு, கூரைக்கு இரண்டு பூச்சு அடித்தாள். கழுத்து வலித்தது. கீழே இறங்கிப் பார்த்தபோது கூரை இஸ்திரி போட்ட வேட்டி போல இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அவள் திருப்தியாகக் கை கழுவினாள்.

மகள் வந்தாள். வீடே மாறிப்போயிற்று. தையலம்மா துணி தைப்பதை விட்டுவிட்டுக் குழந்தைக்குக் கையுறையும் காலுறையுமாகத் தைத்துத் தள்ளினாள். குழந்தை அழுகிற ரகமில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையையே பார்க்கும். ஒரே இடத்தைப் பார்த்துச் சிரிக்கும்.

"என்னத்தைப் பார்த்தும்மா இது இப்படிச் சிரிக்குது?" என்றாள் மகள்.

"கடவுள் பூ காட்டுவார்னு சொல்லுவாங்க."

சொன்ன பிறகு அவளும் நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளையாகத்தான் இருந்தது. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததால் நடுவில் கொஞ்சம் உப்பினது போலத் தெரிந்தது. வெளிச்சத்தின் வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

"இந்த ரூம்ல ஏதோ வாடை வரலை?"

"புதுப் பெயிண்ட்டுடீ. உனக்காகத்தான் அடிச்சேன்."

மகளின் முகம் இளகியது. "ஏம்மா உனக்கு இந்த வயசுல இதெல்லாம்?" என்று அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்த நிமிடத்திலாவது தையலம்மா சொல்லியிருக்கலாம்.

ஒருநாள் தொட்டில் துணியில் பழுப்பாக ஒரு சொட்டு. காய்ந்த டீ மாதிரி. சோப்புப் போட்டுக் கசக்கியும் போகவில்லை. துருக்கறை போகாது என்பது துணியோடு வாழ்ந்தவளுக்குத் தெரியாதா? தெரியும். பல்லி எச்சமாயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்தத் துணியை மடித்து அடியில் வைத்துவிட்டு வேறு விரித்தாள். ஆனால் அன்றே தொட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். எறும்பு வருகிறது என்று காரணம் சொன்னாள். கட்டிலை மட்டும் அவளால் தனியாக நகர்த்த முடியவில்லை.

தக்காளி காய்த்து ஓய்ந்தது. லிஃப்ட்காரர் எல்லாச் செடிகளையும் வேரோடு பிடுங்கி எறிந்து, வாளிகளைக் கழுவி, களிமண் உருண்டைகளை அலசிக் காயவைத்துத் திரும்பக் கொட்டினார். டிரம்மில் புதிதாகச் சத்துத் தண்ணீர் கலந்தார். புது நாற்று தயாராகும்வரை குழாய்களில் பாசி பிடிக்காமல் இருக்க மோட்டாரை ஓடவிட்டார். வெறும் வாளிகளுக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தையலம்மா குழந்தையின் துணிகளைக் காயப்போட மாடி ஏறினாள். மத்தியான வெயில். அவர் டிரம் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து மீட்டரை உதறி உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, கெட்டுப்போச்சா?"

"இல்லையே. பக்கத்துல கலந்து வச்சிருக்கிற பாட்டில்ல சரியாக் காட்டுது. டிரம்முல மட்டும் பாதிக்குக் கீழ காட்டுது. முந்தாநாள்தான் கலந்தேன்."

"உங்க யானைங்க சாப்பிட்டிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே துணியை உதறினாள். உதறின கை அப்படியே நின்றது.

வாளிகளில் செடியே இல்லை.

அவளும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டிரம் வழக்கம்போலத் தளும்பி நின்றது. அந்த அமைதியில்தான் அவள் அதைக் கேட்டாள்: வால்விலிருந்து 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம். நிற்காமல். வெயிலில் ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு இப்படி வால்வு திறந்திருக்காது. வெயில் தண்ணீரைத்தான் எடுக்கும், சத்தை எடுக்காது. இது அவரே அவளுக்குச் சொன்னது.

"அப்ப யாருங்க குடிக்கிறது?" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை.

அவர் கண் டிரம்மிலிருந்து நகர்ந்து, தாம் பூசி மூடிய சிமெண்ட் கோட்டின் மேல் போனது. அவர் முகம் வெளுத்துப்போனது. "ஜாயிண்ட் விட்டிருக்கு. உள்ளயே ஓடியிருக்கு. இத்தனை நாளா..."

மீதியை அவள் கேட்கவில்லை. நாக்கில் அந்த உப்பும் கசப்பும் நேற்று பட்டது போலத் திரும்ப வந்தது. துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். படிக்கட்டில் முட்டி இடித்தது.

பின்னறையில் மகள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை தொட்டிலில் இல்லை. அம்மாவின் கைக்குள், கட்டிலில், விழித்துக் கிடந்தது. கூரையைப் பார்த்துக் காலை உதைத்துச் சிரித்தது. தையலம்மா நிமிர்ந்தாள். வெளிச்சத்தின் வேலையில்லை. கூரை வயிறு வைத்திருந்தது.

கத்தினால்கூட விழுந்துவிடும் போல அவளுக்குத் தோன்றியது. மெதுவாகக் குனிந்து குழந்தையை எடுத்தாள்.

"என்னம்மா?" மகள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"எந்திரி கண்ணு. வெளிய வா."

"இப்பதாம்மா படுத்தேன்..."

"எந்திரிடீ!"

அப்போது தலைக்கு மேலே கேட்டது. டொக். டொக். உளியின் மேல் சுத்தியல். பழுது என்று கண்டுபிடித்துவிட்டாரல்லவா? ஒரு நிமிடம் சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. ஜாயிண்ட்டைத் தேடிச் சிமெண்ட்டைக் கொத்திக்கொண்டிருந்தார்.

"அடிக்காதீங்க!" என்று தையலம்மா கூரையைப் பார்த்து அலறினாள். "ஐயோ, அடிக்காதீங்க!"

ஒரு கையில் குழந்தை. இன்னொரு கையால் மகளின் முடியையும் சட்டையையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். மகள் கட்டிலிலிருந்து வாசற்படியில் வந்து விழுந்தாள். பின்னாலேயே கூரைக் காரை மொத்தமாக இறங்கியது. சத்தம் ஒரே ஒரு முறைதான் கேட்டது. பிறகு புழுதி.

புழுதி அடங்கினபோது கட்டில் நடுவில் ஒடிந்திருந்தது. மேலே துருப்பிடித்த கம்பிகள் விலா எலும்பு மாதிரி தெரிந்தன. அவற்றின் வழியே தண்ணீர் சொட்டியது. மகளின் குதிகாலில் ரத்தம். அவள் அதைப் பார்க்கவில்லை. தலையணை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட்காரர் சுத்தியலோடு வந்து வாசலில் நின்றார். சுத்தியலைக் கீழே வைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

காலடியில் விழுந்திருந்த ஒரு துண்டை மகள் எடுத்தாள். ஒரு பக்கம் வழவழவென்று வெள்ளை. விரலால் நெருடினாள். பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் ஊசி ஊசியாக உப்பு. உப்பின் கீழே சுரண்டிய கோடுகள்.

"இது முன்னாடியே இருந்திருக்கு" என்றாள்.

துண்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"யாரோ சுரண்டிட்டு மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. அப்பா, நீங்களா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். அவர் கண் மனைவியின் பக்கம் திரும்பியது. மகளின் கண்ணும் திரும்பியது. 'உனக்காகத்தான் அடிச்சேன்' என்று சொன்னது தாய், மகள் இருவர் காதிலும் ஒலித்திருக்க வேண்டும்.

"நீ போயிடுவேன்னு பயந்தேன்டீ" என்றாள் தையலம்மா.

மகள் எழுந்து நொண்டிக்கொண்டே வந்தாள். அம்மாவின் கைக்குள்ளிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள். பிடுங்கவில்லை, கோபமாகக்கூட எடுக்கவில்லை. கடையில் மறந்து வைத்த பையைத் திரும்ப எடுப்பது போல எடுத்தாள். முன்னறைக்குப் போய், மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து, நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

குழந்தையின் கண் இமையெல்லாம் புழுதி. இப்போதுதான் அது அழத் தொடங்கியது. தையலம்மா சமையலறைக்கு ஓடி, ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் மெல்லிய துணியும் எடுத்துவந்தாள். வந்த வேகத்தில் தரையெல்லாம் சிந்தியது.

"முகத்தை மட்டும் துடைச்சி விடுறேன் கண்ணு."

மகள் குழந்தையின் முகத்தைத் தன் கழுத்தோடு அணைத்துத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம்மா. இந்த வீட்டுத் தண்ணி வேணாம்."

தையலம்மா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாடியில் மோட்டாரை இன்னும் யாரும் நிறுத்தவில்லை.