வேரோட வந்தாதான் காளான்

கத்திய உள்ள வையுங்க சார்னு வண்டி ஏறும்போதே ஒருவாட்டி சொன்னேன். காட்டாண்ட எறங்கினதும் மறுக்கா சொன்னேன். இதுக்கு மேல ஒரு மனுஷி இன்னாதான் சொல்லுவா?

நான் மார்கரெட். மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டுல ஒம்பது வருஷம் ரூம் பெருக்கினேன். போன மழையிலேர்ந்து அதே எடத்துல கைடு. ஞாயித்துக்கெழமையில கெஸ்ட்டுங்கள வண்டியில ஏத்திகினு, எங்க ஊரு படாளம் தாண்டி இருக்கற காட்டுக்குப் போவோம், காட்டிலாகா பர்மிஷனோட. எந்தக் காளான எடுக்கலாம், எதத் தொடக்கூடாதுன்னு நான் காட்டுவேன். எடுத்தத ரிசார்ட் கிச்சன்ல ஆக்கிக் குடுப்பாங்க. இந்த வேலைன்னா எனக்கு உசுரு. யாரோ வுட்டுப்போன ஈரத் துண்டப் பொறுக்கிகினு இருந்தவ பேச்ச இப்ப பத்து பேரு நின்னு கேக்கறாங்கன்னா சும்மாவா?

என் சட்டம் ஒண்ணே ஒண்ணு. புத்துக்காளானுக்குக் கீழ நீட்டா ஒரு வேரு கீது, அது நேரா கரையான் புத்துக்குள்ள போவும். குச்சியால சுத்தித் தோண்டி, அந்த வேரோட எடுத்தாதான் கூடையில சேத்தி. ஏன்னா அதே மாதிரி வெள்ளையா, அதே கொடையோட, பக்கத்துலயே ஒரு கெட்டதும் மொளைக்கும். அதுக்கு அந்த வேரு கெடையாது. மேலாக்கப் பாத்தா எனக்கே கொழப்பும். ஒருவாட்டி கொழம்பியும் போனேன். மூணு வருஷம் முன்ன அவசரத்துல ஒடிச்சிகினு வந்தேன், கொழம்புல கெட்டது ஒண்ணு கலந்துட்டுது. எங்கண்ணன் சாம் நாலு நாளு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில வாந்தியும் பேதியுமா கெடந்தான். பொழச்சான், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனா ஆக்கிப் போட்டது என் கை. அந்த பயம் எனக்கு இன்னும் போவல, போவவும் வேணாம்.

அன்னிக்கு வந்தவரு கோபாலகிருஷ்ணன் சாரு. கல்பாக்கத்துல இன்ஜினியரா இருந்து ரிட்டையர் ஆனவரு, கூட சம்சாரம் வச்சலா அம்மா. நல்ல மனுஷன்தான், ஆனா வீடியோ பாத்துட்டு வந்துட்டாரு. வெளிநாட்டுல கத்தியால தண்டுலயே அறுப்பாங்களாம், வேர மண்ணுல வுட்டா மறுபடி மொளைக்குமாம். நான் மத்தவங்களுக்குக் காட்டிகினு இருந்த நேரம், இவரு தனியா சுத்தி வந்து பதினெட்டு காளான நறுக்குனு அறுத்து, மண்ணு தொடச்சு, கூடையில அடுக்கிட்டாரு. மண்ணுல வேரு கீதான்னு தோண்டிப் பாக்கலாம்னு, எந்தெந்த எடத்துல எடுத்தீங்கன்னு கேட்டேன். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு கைய வீசிக் காட்டினாரு.

எனக்கு சுர்ருனு ஏறிட்டுது. கூடைய வாங்கி மண்ணுல கவுத்தேன். செருப்புக் காலால மெறிச்சேன். மெறிச்சிருக்க வேணாம், அது என் திமிரு. வச்சலா அம்மா மொகத்தத் திருப்பிகினாங்க.

மறுநாள் காலையில மேனேஜர் சரவணகுமார் ஆள் வுட்டுக் கூப்ட்டாரு. போனா, அவரு ரூம்ல சாரும் அந்தம்மாவும் ஒக்காந்துகினு இருக்காங்க. மேஜ மேல ஒரு கறுப்புக் காயிதம். அறுத்த பதினெட்டுல ஒண்ண மட்டும், நான் கூடைய வாங்கறதுக்கு முன்னாடியே சாரு பையில போட்டுகினாராம். அதோட கொடைய இந்தக் காயிதத்து மேல வச்சு, டம்ளரால மூடி, ராத்திரி பூரா அப்டியே வுட்டிருக்காரு. அதுலேர்ந்து எறங்கின தூளு லேசா ரோஸ் கலரு. கெட்டதுன்னா பச்சையா எறங்கும். அது எனக்கும் தெரியும்.

நல்ல காளான்தான். சத்தியமா சொல்றேன், மொதல்ல எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அப்பறம்தான் வெக்கமாப் போச்சு.

சரவணகுமார் சுத்தி வளைக்கல. நல்ல பொருளக் கொட்டி, பத்து பேரு முன்னால கெஸ்ட்ட அவமானப்படுத்திட்டேனாம். சாரி கேட்டா ஞாயித்துக்கெழம வண்டி எனக்கு, கேக்கலன்னா பழையபடி ரூம் வேல.

"மெறிச்சது தப்பு சார், மன்னிச்சிக்கோங்க"ன்னு கோபாலகிருஷ்ணன் சாராண்ட கேட்டேன். "ஆனா கொட்டினதுக்கு கேக்க மாட்டேன். அடுத்த வாரமும் வேரு இல்லாம வந்தா கொட்டுவேன்."

சரவணகுமார் ஞாயித்துக்கெழம லிஸ்ட்ட இழுத்து, என் பேர அடிக்கறதுக்குப் பேனாவத் தொறந்தாரு. அழக்கூடாதுன்னு பல்லக் கடிச்சிகினேன். பாதியோட நிறுத்திட்டுப் போற பொம்பள நான் இல்ல.

"இந்த ஒண்ணு நல்லதுதான் சார். மிச்சம் பதினேழுக்கும் இந்த மாதிரி காயிதம் வச்சிருக்கீங்களா?"

சாரு காயிதத்தையே பாத்தாரு. படிச்ச மனுஷன், அவருக்குப் புரியாதா?

"இல்லம்மா. எத எங்க அறுத்தேன்னு எனக்கே தெரியல"ன்னாரு.

அப்ப சாரி வேணாமான்னு சரவணகுமார் இழுத்தாரு.

"வேணும். ஆனா கேக்க வேண்டியது நான்"னு சாரு சொன்னாரு. சொல்லிட்டு என்னப் பாக்கல, வச்சலா அம்மாவப் பாத்தாரு. "எனக்குக் காளான் புடிக்காது. பதினெட்டையும் இவளுக்குன்னுதான் அறுத்தேன்."

சரவணகுமார் பேனாவ மூடி சட்டப் பையில சொருகிகினாரு.