பதினேழாவது ஒப்புகை

“முடியாதுன்னு சொல்றதுக்கு எதுக்குப்பா இவ்வளவு நேரம் எழுதறீங்க?”

பதிவு அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால், அப்பாவின் மேஜையோரத்தில் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் அப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. அப்பா யாரோ ஒருவரின் மனுவை நிராகரித்துக்கொண்டிருந்தார். அதையும் கல்யாணப் பத்திரிகை எழுதுகிறவர் போல நிதானமாக, வரி கோணாமல் எழுதினார். காரணத்தை எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்தி, மை காயும்வரை ஊதிவிட்டு, அப்புறம்தான் மகள் பக்கம் திரும்பினார்.

“வாயால சொன்னா காத்தோட போயிடும் பாப்பா. எழுதிக் குடுத்தா வீட்டுக்குக் கொண்டு போகலாம்.”

‘முடியாது’ என்பதை ஒரு மனிதன் எதற்காக வீட்டுக்குக் கொண்டு போகவேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை. அப்பாவின் பல பதில்கள் அப்படித்தான். கேட்டவரைக் குழப்பிவிட்டு அவர் அடுத்த காகிதத்தை எடுத்துவிடுவார்.

இன்றைக்கு நாற்பத்தாறு வயதில் அதே மூன்றாம் ஜன்னலுக்கு வெளியே அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் டாக்டர் எழுதிக்கொடுத்த சான்று. அப்பா அதிகாலை ஐந்தரை மணிக்குப் போய்விட்டார். மாலை நான்கு மணிக்கு வண்டி வரும். அதற்குள் அடக்கம் செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். சனிக்கிழமை என்பதால் அலுவலகம் ஒரு மணிக்கு மூடிவிடும். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது.

“ஆம்பளை யாரையாவது வரச் சொல்லுங்கம்மா.”

ஜன்னலுக்குள் இருந்த எழுத்தர் இதை மூன்றாவது முறையாகச் சொன்னார். முப்பத்தைந்து வயதிருக்கும். காதில் ஒரு பேனாவைச் செருகிக்கொண்டு மேஜையெல்லாம் பேனாவைத் தேடுகிற ரகம். வரிசையில் நின்ற நேரத்திலேயே அவள் மனசுக்குள் அவருக்குக் காதுப்பேனா என்று பெயர் வைத்துவிட்டாள்.

“நான் அவர் பொண்ணு. எட்டு வருஷமா பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டவ. காலையில கண்ணை மூடி விட்டதும் நான்தான். இன்னும் என்ன தெரியணும்?”

“நீங்க சொல்றது எல்லாம் சரிம்மா. ஆனா இறப்பை அறிவிக்கிறவர் ஆண் உறவினரா இருக்கணும். விதி அப்படி.”

அவள் மூன்று தேர்தல்களில் ஓட்டுப் போட்டவள். அந்த ஓட்டுக்காகத் தெருவில் நின்று, போலீஸ் வண்டியில் ஏறி, வேலை போய், மறுபடி தொலைபேசி இணைப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்து, இன்று அங்கே கண்காணிப்பாளராக இருப்பவள். விரலில் மை வைத்துக்கொண்டு ஒரு அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பலாம். பெற்ற அப்பா செத்துப்போனார் என்று மட்டும் சொல்லக்கூடாது. கோபத்தைவிடச் சலிப்புதான் அவளுக்கு அதிகமாக வந்தது. ஒரு கதவைத் திறந்தால் உள்ளே இன்னொரு கதவை வைத்துப் பூட்டியிருக்கிறார்களே என்ற சலிப்பு.

கூடப்பிறந்தவன் ஒருவன்தான். அவன் சரக்குக் கப்பலில் எந்தக் கடலில் இருக்கிறானோ. அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம். மிச்சமிருந்தது அத்தை, அப்பாவின் தங்கை. காலையிலேயே அவள் சொல்லிவிட்டாள், எங்க மாப்பிள்ளையை அனுப்பறேன், ஒரு கையெழுத்து, முடிஞ்சது, இதுக்குப் போய் நீ ஏன் அலையறே என்று. மாப்பிள்ளை டயர் வியாபாரி. அப்பாவை இரண்டு கல்யாணங்களில் பார்த்திருப்பார். அவர் சொன்னால் அப்பா இறந்தவர். இவள் சொன்னால் இல்லை.

இந்த எரிச்சலோடு இன்னொரு எரிச்சலும் அவள் கைப்பையில் இருந்தது. அப்பாவின் பிறப்புச் சான்றைத் தேடி அவருடைய தகரப் பெட்டியைக் காலையில் திறந்தபோது மேலாகவே அது கிடந்தது. பழுப்பேறிய சின்ன ஒப்புகைச் சீட்டு. ‘நிராகரிப்பு ஆணையைப் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த ஒரு வரி. எண் பதினேழு. அவள் பெயர், அப்பாவின் கையெழுத்தில். கீழே பெற்றுக்கொண்டவர் கையொப்பத்துக்கு ஒரு கோடு, அதன்மேல் வெறும் இடம். செத்தும் விடவில்லை மனுஷன் என்று பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

அது இருபத்துநான்கு வருஷத்துக் கதை. வாக்காளர் பட்டியலில் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள் என்று தெரிந்தேதான் ஓட்டுரிமைச் சங்கத்துப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய் மனுக் கொடுத்தார்கள். அவள் பதினேழாவது ஆள். மூன்றாம் ஜன்னலில் அப்பா. வரிசை நகர்ந்து அவள் முறை வந்ததும் ஒரு தடவையாவது தலையை நிமிர்த்துவார் என்று நினைத்தாள். அவர் மனுவை வாங்கினார், படித்தார், எழுதினார். ‘மனுதாரர் பெண் என்பதால், நடப்புச் சட்டத்தின்படி சேர்க்க இயலாது, வேறு குறை எதுவும் இல்லை.’ தேதி, முத்திரை. ஊதிக்கூடக் காயவைத்தார். பெற்ற மகளை நிராகரிக்கிறோமே என்று ஒரு வரிகூடக் கோணவில்லை. அவள் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். “பாப்பா, ஒப்புகை…” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் வளர்ந்த பிறகு அலுவலகத்தில் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரு முறைதான். அவள் திரும்பவில்லை.

அன்று இரவு சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சீட்டும் பேனாவும் இருந்தன. “ஒரு கையெழுத்து பாக்கி இருக்கு” என்றார். அவள் சீட்டைத் தள்ளிவிட்டுச் சாப்பிட்டாள். இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு பேச்சு வந்தது, சீட்டும் வந்தது. பல வருஷங்களுக்கு ஒரு முறை, வீட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு நாளில், தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். ஒவ்வொரு முறையும் அவள் தள்ளிவிடுவாள். கடவுள் இவரை மனுஷராகப் படைக்கத் தொடங்கி நடுவில் ஆபீஸ் கோப்பாக மாற்றிவிட்டார் என்று அம்மா சொல்லுவாள்.

அந்தப் பதினேழு நிராகரிப்புகளையும் கட்டி எடுத்துக்கொண்டுதான் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. பெண் என்பதைத் தவிர வேறு குறை இல்லை என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது பாருங்கள் என்று வக்கீலம்மா வாதாடினாள். ஒன்பது வருஷம் இழுத்துக் கடைசியில் ஜெயித்தார்கள். “இப்படிக் காரணத்தோட எழுதிக் குடுக்க இன்னொரு ஏமாளி கிடைக்கமாட்டான்” என்று வக்கீலம்மா சிரித்தபோது அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்த ஏமாளி யார் என்று சொல்லவில்லை.

கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து.

“சரி தம்பி. முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிக் குடுங்க.”

காதுப்பேனாவின் முகம் மாறியது. மற்ற ஜன்னல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அது மட்டும் கேக்காதீங்கம்மா. எழுதிக் குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு.”

“முன்னாடி குடுத்தாங்களே?”

“குடுத்தாரு ஒருத்தரு. அவராலதான் இந்த உத்தரவே வந்துச்சு.” அவர் காதிலிருந்து பேனாவை எடுத்தார், கதை சொல்ல அது தேவைப்பட்டதுபோல. “நாங்க வேலைக்குச் சேர்ந்தா முதல்ல சொல்ற கதையே அதுதான். இதே ஜன்னல்தான். ஓட்டு கேட்டு வந்த பொம்பளைங்களை வாயால சொல்லி அனுப்புன்னு மேலதிகாரி தினமும் சொல்லியிருக்காரு. இவர் கேக்கல. பதினாறு பேருக்கு எழுதியாச்சு. பதினேழாவது ஆளுக்கு எழுதினா உன் வேலை இல்லைன்னு அன்னிக்குக் காலையில முகத்துக்கு நேரா சொன்னாங்களாம். அதுக்கும் எழுதினாராம்.”

அவள் ஜன்னலின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“எழுதினதுக்காக ஒண்ணும் பண்ண முடியல. எழுதக் கூடாதுன்னு விதி இல்லையே. ஆனா பாருங்க, அந்தப் பதினேழாவது ஆளு ஒப்புகைச் சீட்டுல கையெழுத்து போடாமப் போயிட்டாங்க. அரசாங்கக் காகிதத்தை ஒப்புகை இல்லாம வெளியே விட்டதா குற்றம் எழுதி, கீழே ஆவண அறையில போட்டாங்க. பதினோரு வருஷம். வெளிச்சம் கிடையாது அங்கே. ஓய்வு பெறும்போதும் அதே பதவிதானாம்.”

அப்பா மந்தம் என்பதால்தான் கீழே அனுப்பினார்கள் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மாலையில் அவர் வாசலில் நின்று கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் தெருவைப் பார்ப்பார். உள்ளே வரத்தான் இவ்வளவு நேரமா என்று அவள் உள்ளிருந்து சத்தம் போட்டிருக்கிறாள்.

அவள் டாக்டரின் சான்றை ஜன்னலுக்குள் மெல்லத் தள்ளினாள். காதுப்பேனா அதை இப்போதுதான் முழுதாகப் படித்தார். இறந்தவரின் தொழில் என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. பதிவு அலுவலக எழுத்தர், ஓய்வு.

“அவரா?”

“ஆமா.”

அவர் எழுந்து போனார். திரும்பி வரும்போது ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார், ஒரு டம்ளர் தண்ணீரோடு. ஜன்னலுக்கு வெளியே வந்து நாற்காலியைப் போட்டு, “உக்காருங்கம்மா” என்றார். உலகம் இன்னும் கெட்டுப்போகாமல் இருப்பது இப்படிப்பட்ட நாற்காலிகளால்தான்.

“எழுதக் கூடாதுங்கற உத்தரவைக் காட்டுங்க தம்பி, பாக்கறேன்.”

“அதும்மா…” அவர் தலையைச் சொறிந்தார். “அதை எழுத்துல குடுக்கல. வாயாலதான் சொன்னாங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீட்டுப் பெண் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் காதுப்பேனாவுக்கும் வந்துவிட்டது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“அப்போ நீங்க எந்த உத்தரவையும் மீறலையே” என்றாள். “ஒப்புகைப் புஸ்தகத்தை எடுங்க. முதல்ல அதுல நான் கையெழுத்து போடறேன். அப்புறம் நீங்க எழுதுங்க. உங்களைப் பிடிக்க யாருக்கும் ஒரு நூல்கூடக் கிடைக்கக் கூடாது.”

அவர் உள்ளே போய் உட்கார்ந்து புத்தகத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எடுத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் எழுதத் தொடங்கினார். ‘அறிவிப்பவர் பெண் என்பதால் ஏற்க இயலவில்லை, வேறு குறை எதுவும் இல்லை.’ அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மை காயும்வரை அவரும் ஊதினார்.

அந்தத் தாள் திங்கட்கிழமை சங்கத்துக்குப் போகும். அதை வைத்து அப்பாவை அடக்கம் செய்யமுடியாது. ஆகவே அவள் அலுவலகத் தொலைபேசியில் அத்தையைக் கூப்பிட்டாள். “அப்பவே சொன்னேன்” என்றுதான் அத்தை ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளை வரும்போது மணி ஒன்று பத்து. மற்ற ஜன்னல்கள் மூடிவிட்டன. மூன்றாம் ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. மாப்பிள்ளைக்கு இறந்தவரின் வயது தெரியவில்லை, பிறந்த ஊர் தெரியவில்லை, என்ன நோவு என்றும் தெரியவில்லை. “நீங்களே எழுதிடுங்கக்கா” என்றார். படிவத்தின் எல்லாக் கட்டங்களையும் அவளே நிரப்பினாள். அறிவிப்பவரின் உறவு என்ற இடத்தில், இறந்தவருடைய சகோதரியின் மருமகன் என்று தன் கையாலேயே எழுதினாள். மாப்பிள்ளை கீழே சுழித்து ஒரு கையெழுத்துப் போட்டார். “அவ்வளவுதானா? இதுக்கா காலையிலேர்ந்து?” என்றார். நல்ல மனிதர்தான். கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவள் நன்றி சொன்னாள்.

மூன்றரை மணிக்கு வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். வண்டி சீக்கிரம் வந்துவிட்டது. அதைத் தெருமுனையில் நிறுத்துவதா வாசலில் நிறுத்துவதா என்று வெளியே ஒரு விவாதம். யார் முன்னால் போவது என்று இன்னொன்று. அத்தை எல்லாரையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“அத்தை, ஒரு நிமிஷம் எல்லாரும் வெளியில இருங்க. சட்டையைச் சரி பண்ணிட்டு வரேன்.”

“சட்டை நல்லாத்தானே இருக்கு?”

“பண்ணிட்டு வரேன் அத்தை.”

கதவைச் சாத்தினாள். அப்பா அலுவலகத்துக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் சட்டையில் கிடந்தார். பையில் எப்போதும் இருக்கும் பேனாவைக் காலையில் அவளேதான் மறக்காமல் செருகியிருந்தாள். இப்போது அதை உருவினாள். கட்டிலின் விளிம்பில் சீட்டை வைத்தாள். பேனா இரண்டு தடவை எழுதவில்லை, உதறியதும் எழுதியது. அவள் அவசரப்படவில்லை. முழுப் பெயரையும், வரி கோணாமல், கோட்டின்மேல் எழுதினாள். பக்கத்தில் தேதி போட்டாள், இன்றைய தேதி.

மை காயும்வரை ஊதினாள். சீட்டை நான்காக மடித்து அவர் பையில் வைத்து, அதை ஒட்டிப் பேனாவைச் செருகினாள். வெளியே அத்தை கதவைத் தட்டினாள்.

“வரேன்” என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையின் பித்தானைப் போட்டாள்.