அறை எண் 11, ஆட்கள் 4

ஏழாயிரம்பண்ணை பஸ் ரோட்டில், முன்பு மஞ்சக்கேட்டுப் பட்டாசுக் கம்பெனி இருந்த இடத்தில், பத்தடிக்குப் பத்தடி நிலம் ஒன்றில் ஐந்தாவது ஆளாக யாரும் நிற்க முடியாமல் இருந்தது. நாலு பேர் நிற்கலாம், உட்காரலாம், படுத்துத் தூங்கலாம். ஐந்தாவது ஆள் கால் வைத்தால், அந்தக் கால் ஊன்றுமுன்பே நாற்பதடி தள்ளியிருக்கிற வேப்பமரத்தடியில் நிற்பார். விழுவதில்லை, அடிபடுவதில்லை. வந்த இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேட்டைப் பார்த்தபடி நிற்பார். காதுக்குள் கொஞ்ச நேரம் ஒரு இரைச்சல் இருக்கும். வாயில் போட்ட வெற்றிலை வாயிலேயே இருக்கும்.

இது தெரியவந்தது மண் அள்ளிய வருஷத்தில். பதினோராம் அறை வெடித்துக் கம்பெனியை மூடியபின் ஒன்பது வருஷம் அந்த இடம் சும்மா கிடந்தது. வெடிமருந்து ஊறின மண். மழை பெய்தால் ரோட்டோரம் வெள்ளி நிறத்தில் தண்ணீர் ஓடும், வெயில் வந்தால் உப்புப் பூத்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். கிணற்றுத் தண்ணீர் கசந்தது. உள்ளே மேய்ந்த வெள்ளாடுகள் குட்டி போடவில்லை. அதற்குள் ஊர் வளர்ந்து கேட்டைத் தாண்டிப் போய்விட்டதால், மண்ணைச் சுத்தம் செய்து பட்டாசுத் தொழிலாளிகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது என்று முடிவானது. முதலில் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். பிறகு இரண்டடி ஆழத்துக்குச் சுரண்டி, ரெட்டைச் சாக்கில் கட்டி, தார்ப்பாய் போட்டு லாரியில் ஏற்ற வேண்டும். அந்த மண்ணின் குணம் தெரிந்தவர்கள் என்று பழைய ஆட்களையே வேலைக்குக் கூப்பிட்டார்கள். பத்திரகாளியும் போனாள். ஆறு வருஷம் அதே கம்பெனியில் பேன்சி வெடிக்கு மருந்து அடைத்தவள் அவள்.

மூன்றாம் நாள் ஐந்து பெண்கள் ஒரே இடத்தில் மண் அள்ளப் போனார்கள். கடைசியாகக் கால் வைத்த மாரித்தாய், தலையில் கூடையோடு வேப்பமரத்தடியில் நின்றாள்.

“ஏ மதினி, என்னைய எதுக்குப் பிடிச்சுத் தள்ளுன?” என்று அங்கிருந்தே கத்தினாள்.

“நான் எங்கன தள்ளுனேன்? வேலைக்குப் பயந்து நீ ஓடிப்போயி நிண்டுக்கிட்டு என் மேல பழியப் போடுதியா?” என்றாள் பத்திரகாளி.

மேற்பார்வைக்கு வந்திருந்த என்ஜினீயர் அன்பரசன் நாலு பேரை உள்ளே நிற்கவைத்துவிட்டுத் தானே ஐந்தாவதாக ஏறிப் பார்த்தார். ஏழு தடவை ஏறினார், ஏழாவது தடவை பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறினார். ஏழு தடவையும் மரத்தடியிலிருந்து நடந்து வந்தார். அன்று சாயங்காலம் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பிய அறிக்கையில், அந்த இடத்தில் நிலம் உறுதியாக இருக்கிறது, வேலையை நான்கு நான்கு பேராகச் செய்யலாம் என்று எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மறுநாள் அங்கே ஒரு சுவர்த்துண்டு கிடைத்தது. மண்ணைத் துடைத்தபோது கறுப்பு எழுத்து தெரிந்தது. பத்திரகாளி நாற்பத்தெட்டு வயதுக்கு மேல் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவள். வாத்தியார் இல்லாமல் அவள் தானாகக் கூட்டிப் படித்த முதல் வரி அதுதான். அறை எண் 11. ஆட்கள் 4. ஆறு வருஷமும் ஆயுத பூஜைக்கு அந்த எழுத்தைச் சுத்தமாகத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தது அவள்தான். ஏதோ சாமி பேர் எழுதியிருக்கிறது என்று நினைத்து, கன்னத்திலும் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

வெடித்தது தீபாவளிக்குப் பதினெட்டு நாள் முன்னால். சீசன் நேரம், ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. போர்மேன் சீனிவாசகம் அவளைப் பார்த்து, “ஏ பத்திரகாளி, நீயும் பதினொண்ணுல போயி உக்காரு” என்றார். உள்ளே ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தன் அவள் புருஷன் முத்துப்பாண்டி. அவன் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டான். பத்தரை மணிக்குத் திரி எடுக்க வெளியே வந்தவள் வேப்பமரத்தைத் தொடும்போது முதுகுக்குப் பின்னால் அறை போய்விட்டது. காரியம் முடிந்த அன்றே கம்பெனி ஆள் வந்தான். ஐந்து பேர் இருந்ததாகச் சொன்னால் சட்டம் மீறின கேஸ் ஆகிவிடும், செத்த நாலு பேர் குடும்பத்துக்கும் நஷ்டஈடு ஒன்றும் கிடைக்காது என்றான். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் அவள், “நான் அன்னிக்கு வேலைக்கே வரல சார். உள்ள இருந்தது நாலு பேருதான்” என்று சொல்லிக் கைநாட்டு வைத்தாள். அதைக் கேட்டவர்கள் எல்லாரும் நம்பினார்கள். நிலமும் நம்பியது.

வீடு கட்டும்போது பதினோராம் அறையின் அஸ்திவாரம் மட்டும் பெயரவில்லை. மெஷின் வந்தும் பெயரவில்லை. அன்பரசன் அதன் மேலேயே சுவரை எழுப்பச் சொல்லிவிட்டார். மற்ற வீடுகளுக்கெல்லாம் ஆள் போட்டி போட்டார்கள், அந்த வீட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை. பத்திரகாளி கேட்டு வாங்கினாள். அவள், மகள் இசைவாணி, மருமகன் இசக்கிப்பாண்டி, மூன்று வயசுப் பேரன் என்று சரியாக நாலு பேர். விருந்தாளி வந்தால் ஒருத்தர் தின்பண்டத்தோடு வெளியே போய் நிற்பார். ஓட்டுக் கேட்டு ஆறு பேர் கும்பிட்டபடி நுழைந்தார்கள். வீட்டில் இரண்டு பேர் இருந்ததால், வந்தவர்களில் நாலு பேர் கும்பிட்ட கையோடு மரத்தடியில் கேட்டைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோழிக்கு அந்த விதி இல்லை.

பிறகு இசைவாணி மறுபடி உண்டானாள். தெருவில் எல்லாரும் அதையே பேசினார்கள். கடைசியாக வருகிறவரைத்தான் நிலம் வெளியே வைக்கிறது. உள்ளே நாலு பேர் இருக்கும்போது பிள்ளை பிறந்தால் கடைசியாக வந்தது அதுதானே என்றாள் மாரித்தாய். தொப்புள்கொடியோடு ஒரு பச்சை மண் மரத்தடியில் கிடப்பதை நினைத்துப் பத்திரகாளி சோறு இறங்காமல் திரிந்தாள். சாத்தூர் ஆஸ்பத்திரியில் பிரசவம் என்று எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். ஆனால் சொன்ன தேதிக்கு இருபது நாள் முந்தியே ஒரு மத்தியானம் வலி வந்துவிட்டது. இசக்கிப்பாண்டி பேரனைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட ரோட்டுக்கு ஓடினான். ஆம்புலன்ஸுக்கு முன்னால் கிராம நர்ஸ் வந்துவிட்டாள். மாரித்தாய் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டாள், நர்ஸ் முன்னால் உட்கார்ந்தாள், பத்திரகாளியின் கை மகளின் கையில் இருந்தது. நாலு பேர்.

“மதினி, தலை தெரியுது. வெளிய போ, வெரசா!” என்றாள் மாரித்தாய்.

“எம்மா, போகாதம்மா” என்று இசைவாணி நகம் பதியப் பிடித்தாள். இழுத்தும் கை வரவில்லை.

பத்திரகாளி சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: “ஏ சாமிகளா, அன்னிக்கு அஞ்சு பேருய்யா. நான் பொய் சொன்னேன். ஏங்க, உங்க பக்கத்துல உக்காந்திருந்தது நாந்தான, அஞ்சாவது ஆளு நாந்தான. பிள்ளைய வெளிய விட்டுராதீக.”

“யாருட்ட பேசுறீங்க?” என்றாள் நர்ஸ்.

பிள்ளை பிறந்தது பத்திரகாளிக்கு எப்படித் தெரிந்தது என்றால், அவள் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகில் வேப்பம்பட்டை உரசியது. கையில் மகளின் நகக்குறி நாலும் சிவந்திருந்தது. காது இரைச்சல் அடங்கியபின்தான் வீட்டுக்குள் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. பெண் பிள்ளை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று ஆகிவிட்டது. பேர் வைத்த அன்று பதினாறு பேர் நெருக்கியடித்து நின்றார்கள், ஒருத்தரும் வெளியே வரவில்லை. பத்திரகாளி மட்டும் உள்ளே போக முடியாது. வீடு காலியாக இருக்கும்போதும் முடியாது. இரண்டு தடவை முயன்றாள், மூன்றாவது தடவை போகவில்லை. சூலக்கரைக்குப் போய், அன்று இருந்தது ஐந்து பேர் என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இசக்கிப்பாண்டி மரத்தடியில் தகரக் கூரை இறக்கி நார்க்கட்டில் போட்டுக் கொடுத்தான். சோறு அங்கே வரும். பேத்தியும் குளிக்க அங்கேதான் வருவாள். கட்டிலை வீட்டைப் பார்த்துத்தான் போட்டார்கள். விடிந்து எழும்போது அது கேட்டைப் பார்த்து இருக்கும். கொஞ்ச நாள் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். இப்போது திருப்புவதில்லை.